வினைபடுதிறனும் மாணவர்கள் நின்ற தொலைவும்

கார உலோகங்களைத் தண்ணீரில் இட்டுக் காட்டும் செய்முறை வகுப்பில், லித்தியம் என்ற பெயரைக் கேட்டதுமே என் மாணவர்கள் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டனர். கைபேசி மின்கலங்கள் தீப்பற்றும் காணொளிகள் அவர்களுக்கு அத்துபடி. லித்தியமோ தண்ணீரில் மிதந்தபடி அமைதியாக நுரைத்துக் கரைந்து போனது. "இவ்வளவுதானா சார்?" என்றான் ஒருவன்.

அந்த ஏமாற்றத்தில் துணிவு பெற்றவர்கள், சோடியத்தின்போது பாதுகாப்புத் திரைவரை முண்டியடித்து வந்துவிட்டனர். மண்ணெண்ணெயிலிருந்து எடுத்து வடிதாளில் ஒற்றி வெட்டிய துண்டு, வெள்ளியாகப் பளபளத்துப் பார்த்திருக்கும்போதே மங்கியது. தண்ணீரைத் தொட்டதும் உருகி உருண்டையாகி, காரம் பட்டால் நிறம் மாறும் பினாப்தலீன் கலந்த நீரில் இளஞ்சிவப்புத் தடம் பதித்தபடி அங்குமிங்கும் ஓடியது. அடுத்து வந்த பொட்டாசியம் வெளிர் ஊதாச் சுடருடன் 'பட்'டென்று வெடிக்கவே, முன்வரிசை முழுவதும் பின்வரிசையாயிற்று.

தனிம வரிசை அட்டவணையில் இந்த உலோகங்கள் நிற்கும் குழுவில் கீழே செல்லச் செல்ல வெளிக்கூட்டு எலக்ட்ரான் அணுக்கருவை விட்டு விலகுவதால், அதைப் பிரித்தெடுக்கத் தேவையான முதல் அயனியாக்கும் ஆற்றல் மோலுக்கு 520, 496, 419 கிலோஜூல் எனக் குறைகிறது, அதனால் வினைபடுதிறன் கூடுகிறது என்று விளக்கினேன். எப்போதும் வாய் திறவாத மாணவி ஒருத்தி, எலக்ட்ரானை இழக்கும் நாட்டத்தின்படி உலோகங்களை வரிசைப்படுத்தும் மின்முனை அழுத்தப் பட்டியலில் −3.04 வோல்ட்டுடன் லித்தியம்தானே முந்தி நிற்கிறது என்று கேட்டாள். அருமையான கேள்வி, அவ்வளவு அருமையான கேள்விகள் மணியடிக்கும் நேரத்தில்தான் வரும். சிறிய லித்தியம் அயனியை நீர் மூலக்கூறுகள் இறுகச் சூழும்போது பேராற்றல் வெளிப்படுவதே அந்த முதலிடத்துக்குக் காரணம் என்றும், ஆனால் 180 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும் என்பதால் அது திண்மமாகவே இருந்து நிதானமாக வினைபுரிகிறது என்றும், வினையின் ஆற்றலும் வேகமும் வெவ்வேறு என்றும் சொல்லி முடிப்பதற்குள் பாதி வகுப்பு பையை மாட்டிவிட்டது.

ஃபுளூரின், குளோரின் போன்ற ஹாலஜன்களில் இந்தப் போக்கு தலைகீழ். அங்கே எலக்ட்ரானைப் பறிப்பதுதான் வேலை, அதில் மேலே இருக்கும் ஃபுளூரினுக்கு நிகரில்லை. இதைச் சொன்னதும், முதல் கேள்வி கேட்டவன், எதனுடனும் எளிதில் வினைபுரியாத வாயுவான ஆர்கானையும் செய்து காட்டும்படி வற்புறுத்தினான். அறைக் காற்றில் ஏறத்தாழ 0.93 விழுக்காடு ஆர்கான்தான் என்பதால், காலையிலிருந்து அதைத்தான் இடைவிடாமல் செய்து காட்டிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.