மாஹேபூர் கோடை முகாம்: நாட்குறிப்பு

டிசம்பர் 4

ஊரில் எல்லோரும் போர்வை தேடும் நேரம். இங்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. மொரீஷியஸில் டிசம்பர்தான் கோடை, பள்ளி விடுமுறையும் இப்போதுதான். கோயில் மண்டபத்தில் சுற்றுச்சூழல் முகாம் குழு கூடியது. வரப்போவது பதின்மூன்றிலிருந்து பதினேழு வயதுப் பிள்ளைகள். வீட்டில் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழி), பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும், தமிழ் விருப்பப் பாடம். நான் சொல்வதைத் தமிழ் டீச்சர் அக்கா கிரியோலில் சொல்வார்.

அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் முதல் மூன்று வகுப்பும் டோடோ. என் பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரையில் டோடோ, கடையில் தொங்குகிற பனியனில் டோடோ, இப்போது இதிலுமா? 17ஆம் நூற்றாண்டில் அழிந்த பறவை. அழித்தவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், யார் மனசும் நோகாது. பெரியவர்களுக்கு இது பிடிப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். "கப்பலிலிருந்து கடலில் எண்ணெய் கொட்டியதைப் பற்றி?" என்று கேட்டேன். "அது எதுக்கும்மா, பழைய கதை" என்றார் குழுவின் மூத்தவர். 2020 பழைய கதையாம்!

டிசம்பர் 8

டோடோ படத்தைப் போட்டதும் பின்வரிசை போனை எடுத்துவிட்டது. சரி என்று ப்ரொஜெக்டரை அணைத்துவிட்டு, "வாகாஷியோ வந்தப்போ நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டேன். சாப்பாட்டு நேரம் வரை அக்காவுக்கு மூச்சுவிட நேரமில்லை.

2020 ஜூலை 25 அன்று வாகாஷியோ என்கிற அந்தக் கப்பல் புவான் தேஸ்னி கடற்கரைக்கு எதிரே பவளப்பாறையில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6 அன்று எண்ணெய் கசிந்தது, சுமார் 1,000 டன். ஊரே கடற்கரையில் இறங்கியது. கரும்புச் சோகையைத் துணிக்குழாய்களில் திணித்து, மிதப்பதற்குக் காலி பாட்டில்களைச் சேர்த்துத் தைத்து, எண்ணெயைத் தடுக்கக் கடலில் விட்டார்கள். அப்போது பத்து வயதாக இருந்த ஒரு பெண் சொன்னாள்: சோகை கையை அறுக்கும், அதனால் அப்பாவின் சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு திணித்தாளாம். அவள் அண்ணன் மொட்டையடித்து முடியைக் கொடுத்தான். முடியில் எண்ணெய் நன்றாக ஒட்டும்.

பின்வரிசைப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். "மிஸ், அந்தக் கேப்டன் உங்க ஊர்க்காரர்தானே?" ஆமாம், இந்தியர்தான். 2021 டிசம்பரில் நீதிமன்றம் 20 மாதச் சிறைத்தண்டனை கொடுத்தது. கரைக்கு அவ்வளவு கிட்டே வந்ததே போன் சிக்னலுக்காகத்தான் என்று விசாரணையில் வெளிவந்தது. இதை அக்கா சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். நாலைந்து போன்கள் பைக்குள் போயின. மூத்தவர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 9

மழை. பெற்றோர் கூட்டம். சாப்பாடு, பஸ், பெண்பிள்ளைகள் எத்தனை மணிக்கு வீடு திரும்புவார்கள், எல்லாம் நியாயமான கேள்விகள். புயல் வந்தால்? இங்கே எச்சரிக்கை நான்கு நிலை. முதல் நிலை அறிவித்தாலே முகாம் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

டிசம்பர் 11

ரிவியேர் தே கிரியோல் அலையாத்திக் காடு. எண்ணெய் கசிந்த வருஷம் மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று. பிச்சாவரத்துப் பக்கம் வளர்ந்தவளுக்கு அதே சுரபுன்னையை இங்கே பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிவிட்டேன்.

வேருக்கிடையில் தேங்கிய நீரில் வானவில் நிறத்தில் படலம். "வாகாஷியோ!" என்று ஒருவன் கத்த, எல்லாரும் போனில் படம் எடுக்க ஆரம்பித்தார்கள். குச்சியால் கலைத்துப் பார்க்கச் சொன்னேன். படலம் கண்ணாடிச் சில்லு போல உடைந்து, துண்டு துண்டாக மிதந்தது. அப்படியானால் அது இரும்பைத் தின்று வாழும் பாக்டீரியாவின் வேலை. எண்ணெயாக இருந்தால் நெளிந்து நெளிந்து மறுபடி ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். கத்தியவனுக்கு ஏமாற்றம். ஆனால் அதன் பிறகு கண்ணில் பட்ட குட்டையை எல்லாம் அவன்தான் குத்திக்கொண்டே போனான். உடையாத ஒன்று கிடைத்தால் இடத்தைக் குறித்து வைப்பதாக ஏற்பாடு. இனி வாராவாரம் இது நடக்கும். நான் போட்ட திட்டத்தில் இது இல்லவே இல்லை.

டிசம்பர் 13

புவான் ஜெரோமிலிருந்து படகில் இல் ஓ எக்ரெத். வெறும் 26 ஹெக்டேர் தீவு. டச்சுக்காரர்கள் மொரீஷியஸ் முழுக்க வெட்டித் தள்ளிய கருங்காலி இந்தக் குட்டித் தீவில் இன்னும் நிற்கிறது. உள்ளூர் ராட்சத ஆமைகள் அழிந்துபோனதால், சேஷெல்ஸின் அல்டாப்ரா தீவிலிருந்து ஆமைகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அவை கருங்காலிப் பழத்தைத் தின்று, தாய்மரத்துக்கு எட்டத்தில் விதையைப் போடுகின்றன. அந்த விதை நன்றாக முளைக்கிறதாம். ஆமைச் சாணத்தைக் கிளறி விதை தேடச் சொன்னால் மூக்கைப் பொத்துவார்கள் என்று நினைத்தேன், அடித்துக்கொண்டார்கள். இளஞ்சிவப்புப் புறாவும் கண்ணில் பட்டது, அதை யாரும் சட்டை செய்யவில்லை.

டிசம்பர் 15

திங்கள் சந்தையில் சேற்றுக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கினோம். மூத்தவரே கூட வந்து பேரம் பேசினார். பின்வரிசை நெட்டையனுக்கு மட்டும் 46ஆம் அளவு கிடைக்கவில்லை. கியூர்பிப் ஊரில் பார்க்கலாம் என்கிறார் அக்கா.