எஸ்என்எம்பி கருவி வரையறைக் கோப்பு எழுதப் பழக, ஒரு யூபிஎஸ் போதும்

எஸ்என்எம்பி (நெட்வொர்க் கருவிகளிடம் அவற்றின் நிலையைக் கேட்டறியும் நெறிமுறை) வழியாகத் தகவல் திரட்டும் லிப்ரே என்எம்எஸ் போன்ற கண்காணிப்பு மென்பொருளில் புதிய கருவியைச் சேர்க்க யாமல் என்னும் எளிய உரை வடிவில் வரையறைக் கோப்பு எழுத விரும்புவோர், பெரும்பாலும் யாமல் இலக்கணத்திலிருந்தே படிக்கத் தொடங்குகின்றனர். டேப் விசையைப் பயன்படுத்தாமல் இடைவெளிகளைச் சீராக வைக்கத் தெரிந்தால் அந்த இலக்கணம் ஒரு மாலையில் பிடிபட்டுவிடும். உண்மையான உழைப்பு, கருவி தரும் விடைகளை வாசிப்பதில்தான் இருக்கிறது.

பழகுவதற்கு ரூட்டரையோ சுவிட்சையோ எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அவற்றின் போர்ட் விவரங்களை மென்பொருள் தானாகவே சேகரித்துவிடுவதால், நீங்கள் எழுத வேண்டியது குறைவு. நெட்வொர்க் கார்டு பொருத்திய யூபிஎஸ் ஒன்று கிடைத்தால் அதையே எடுங்கள். 1994இல் வெளியான ஆர்எஃப்சி 1628 என்னும் இணைய ஆவணம் யூபிஎஸ்களுக்கான பொது மிப்பை, அதாவது கருவியிடம் கேட்கக்கூடிய மதிப்புகளின் பட்டியலை, வரையறுக்கிறது. அது அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கக்கூடிய அளவே கொண்டது.

முதலில் முழு வாக் ஒன்றை, அதாவது கருவி தரும் மதிப்புகள் அனைத்தையும் வரிசையாகக் கேட்டு வாங்கிய பட்டியலை, எடுத்துச் சேமியுங்கள். நெட்-எஸ்என்எம்பி என்னும் மென்பொருளின் வாக் கட்டளைக்குத் தொடக்க ஓஐடி (ஒவ்வொரு மதிப்பையும் குறிக்கும், புள்ளிகளால் பிரிக்கப்பட்ட எண் முகவரி) தராவிட்டால் அது 1.3.6.1.2.1 என்னும் பொதுக் கிளையோடு நின்றுவிடும். உற்பத்தியாளர்களின் தனிக் கிளையான 1.3.6.1.4.1 விடுபட்டுப்போகும். ஆகவே .1 என்று தொடக்கம் கொடுத்து, ஓஐடிகள் எண்களாகவே வரும்படி கேளுங்கள்.

அடுத்தது கருவியை அடையாளம் காணும் பகுதி. 1.3.6.1.2.1.1.2.0 தரும் விடையில் உற்பத்தியாளர் எண் இருக்கும். ஏபிசிக்கு 318, மைக்ரோடிக்குக்கு 14988. கோப்பில் இதை எழுதும்போது இறுதியில் புள்ளி வைப்பது நல்லது, ஏனெனில் ஒப்பீடு தொடக்க எழுத்துகளை மட்டுமே பார்ப்பதால், புள்ளியில்லாத 318 என்பது 3180 முதலியவற்றையும் இழுத்துக்கொள்ளும். சில உற்பத்தியாளர்கள் தமக்கென எண் இடாமல், நெட்-எஸ்என்எம்பியின் லினக்ஸ் அடையாளமான 8072.3.2.10ஐ அப்படியே விட்டுவிடுவார்கள், அந்நிலையில் 1.3.6.1.2.1.1.1.0 தரும் விவரணை வரியையும் நிபந்தனையாகச் சேர்க்காவிட்டால், உங்கள் அலுவலகத்து லினக்ஸ் சர்வர்களெல்லாம் யூபிஎஸ்ஸாகிவிடும்.

மிக நுணுக்கமாகப் பார்க்க வேண்டியது அலகு. உள்ளீட்டு அட்டவணையின் ஒரே வரிசையில் 1.3.6.1.2.1.33.1.3.3.1.2.1 என்பது 499 என்றும், அதற்கு அடுத்த 1.3.6.1.2.1.33.1.3.3.1.3.1 என்பது 231 என்றும் விடை தருவதாகக் கொள்வோம். முன்னது ஹெர்ட்ஸில் பத்தில் ஒரு பங்காகச் சொல்லப்படும் அதிர்வெண் என்பதால் பத்தால் வகுத்து 49.9 எனக் கொள்ள வேண்டும். பின்னது வோல்ட்டிலேயே இருப்பதால் வகுக்கக் கூடாது. ஆனால் பேட்டரி மின்னழுத்தமோ மீண்டும் பத்தில் ஒரு பங்கு கணக்கு. மிப் கோப்பின் அலகு வரியைப் பார்த்து எழுதியபின், யூபிஎஸ்ஸின் முகப்புத் திரையோடு ஒவ்வோர் எண்ணையும் ஒப்பிடுங்கள். மிப்பில் சொன்னபடி நடக்காத கருவிகளும் உண்டு. கடைசி எண்ணையும் கவனியுங்கள்: தனி மதிப்பு .0 என முடியும், அட்டவணை மதிப்பு வரிசை எண்ணில் முடியும். மூன்று ஃபேஸ் யூபிஎஸ்ஸில் மூன்று வரிசைகள் வரும் என்பதால் .1ஐக் கோப்பில் நிலையாக எழுதிவிடாமல், வரிசை எண்ணுக்குரிய மாறியைப் பயன்படுத்துங்கள்.

நிலையைக் குறிக்கும் சென்சார்களுக்கு ஒரே வாக் போதாது. சுமை எதுவும் இணைக்கப்படாத யூபிஎஸ்ஸில், பொறுப்பாளரின் அனுமதியோடு மின்சாரத்தைத் துண்டித்து, மறுபடி ஒரு வாக் எடுங்கள். வெளியீட்டு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டும் 1.3.6.1.2.1.33.1.4.1.0 தரும் மதிப்பு 3இலிருந்து 5க்கு, அதாவது இயல்பு நிலையிலிருந்து பேட்டரிக்கு, மாறியிருக்க வேண்டும். மென்பொருளோ 0ஐ நலம், 1ஐ எச்சரிக்கை, 2ஐ ஆபத்து என்று கொள்வதால், கருவியின் ஒவ்வோர் எண்ணுக்கும் எது பொருந்தும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பைபாஸை, அதாவது பேட்டரிப் பகுதியைத் தவிர்த்து மின்சாரம் நேராகச் செல்லும் நிலையை, நலம் என்று குறித்துவிடாதீர்கள். அப்போது மின்சாரம் போனால் பேட்டரி கைகொடுக்காது.

கோப்பை லிப்ரே என்எம்எஸ் திட்டத்துக்கு அனுப்பும்போது சோதனைத் தரவையும் இணைக்க வேண்டும். சேமித்த வாக்கை எஸ்என்எம்பி சிமுலேட்டருக்குரிய வடிவில் மாற்றிக்கொண்டால், கருவி கையில் இல்லாதபோதும் கோப்பை ஓட்டிப் பார்க்கலாம். அனுப்புவதற்கு முன் அந்தத் தரவிலுள்ள கருவியின் தொடர் எண் (சீரியல் நம்பர்), ஐபி முகவரி, பொறுப்பாளர் பெயர், இருப்பிடம் ஆகியவற்றைக் கற்பனை மதிப்புகளால் மாற்றிவிடுங்கள்.