ஆபீஸைப் பார்த்து வீடா, ரயிலைப் பார்த்து வீடா?

சென்னையா பெங்களூரா என்று பேச்சு ஆரம்பித்தால் முதல் ஐந்து நிமிடத்தில் வெயில், டிராஃபிக், சாம்பாரில் வெல்லம் மூன்றும் வந்துவிடும். மூன்றும் உண்மைதான். ஆனால் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு டிரான்ஸ்ஃபர் ஆகிறவரை முதல் ஆறு மாதம் படுத்தி எடுப்பது, பழைய ஊரின் கணக்கை மனதில் வைத்துப் புதிய ஊரில் வீடு பிடிப்பதுதான். சென்னையில் வீடு தேடுகிறவர் ரயில் தடத்தைப் பார்க்கிறார். பெங்களூரில் ஆபீஸ் வாசலைப் பார்க்க வேண்டும். இதை மாற்றிச் செய்தவர்கள்தான் பதினோரு மாத அக்ரிமென்ட் முடிவதற்குள் இரண்டாவது தடவை சாமான் கட்டுகிறார்கள்.

சென்னைக்கு அந்தப் பழக்கம் வந்ததற்குக் காரணம் உண்டு. கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. ஊர் அந்தத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே தெற்கே வளர்ந்தது. குரோம்பேட்டையில் குடியிருந்துகொண்டு கிண்டி, நுங்கம்பாக்கம், பாரிமுனை என்று கம்பெனி மாறினாலும் வீட்டை மாற்றாமல் காலம் தள்ளிவிடலாம். பெரிய மழை நாளைத் தவிர மற்ற நாட்களில் எத்தனை மணிக்கு உள்ளே நுழைவோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட முடியும். விலக்கு ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலை. பறக்கும் ரயில் திருவான்மியூர், தரமணி, பெருங்குடி வரை அந்தச் சாலையை ஒட்டி வந்துவிட்டு வேளச்சேரிக்குத் திரும்பிவிடும். சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரிக்கு அதன் பிறகு பஸ், ஷேர் ஆட்டோ, கம்பெனி வண்டிதான். சிறுசேரியில் வேலை கிடைத்தவர் சென்னைக்காரர் மாதிரி யோசித்தால் சிரமம். பெங்களூர்க்காரர் மாதிரி யோசிக்க வேண்டும்.

பெங்களூரில் அப்படியொரு புறநகர் மின்சார ரயில் கிடையாது. நம்ம மெட்ரோ 2011 அக்டோபரில் பையப்பனஹள்ளி–எம்.ஜி. ரோடு துண்டாகத் தொடங்கியது. ஒயிட்ஃபீல்டு வரை ஊதாத் தடம் முழுசாக இணைந்தது 2023 அக்டோபரில். எலக்ட்ரானிக் சிட்டி வழியாக பொம்மசந்திரா போகும் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்ட்டில்தான் வந்தது. இந்த இரண்டு தடத்துக்கு அருகே ஆபீஸ் அமைந்தவர்கள் பாக்கியசாலிகள். சில்க் போர்டிலிருந்து கே.ஆர்.புரம் வரை போகும் வெளிவட்டச் சாலையில், பெல்லந்தூர், மாரத்தஹள்ளி பக்கம் வேலை என்றால் நிலைமை வேறு. அந்தச் சுமார் 17 கிலோமீட்டரில் 2025 முடியும்வரை மெட்ரோ தூண்கள்தான் நின்றன, ரயில் ஓடவில்லை. அங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் யாரும் சொல்வதில்லை, ‘முக்கால் மணி’, ‘ஒன்றரை மணி’ என்றுதான் சொல்வார்கள்.

வீடு பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை போகிறார்கள். லீவு அன்றைக்குத்தானே! ஆனால் ஞாயிறு காலை இருபது நிமிடத்தில் போன அதே வழி புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு எழுபது நிமிடம் ஆகும். வாரத்தில் மூன்று நாள் மட்டும் ஆபீஸ் வரச் சொல்லும் கம்பெனிகள் நிறைய. பெரும்பாலானவர்கள் தேர்ந்தெடுப்பது செவ்வாய், புதன், வியாழன். அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு புதன்கிழமை, ஆபீஸ் நேரத்தில், வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் கேட் வரை ஒருமுறை போய்வந்துவிடுங்கள். மாலை ஆறரைக்குத் திரும்பியும் பாருங்கள். இன்னொன்று, வீடு சாலையின் எந்தப் பக்கம் என்பது. மேப்பில் ஆபீஸுக்கு எதிர்ப்புறம் என்று தெரிகிற வீட்டுக்கு யூ-டர்ன் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். நடந்து கடக்க மேம்பாலம் இருந்தால் அந்த வீட்டுக்கு வாடகை இரண்டாயிரம் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

பஸ்ஸில் ஏறினால் அடுத்த பாடம். சென்னை மாநகரப் பேருந்தில் கூட்டம் என்றால் காசு கையிலிருந்து கைக்கு மாறி கண்டக்டரிடம் போகும், டிக்கெட் அதே வழியில் திரும்பி வரும். பெங்களூரு பி.எம்.டி.சி. நகரப் பேருந்தில் கண்டக்டர் நெரிசலுக்குள் நுழைந்து நம்மிடம் வருவார். சில்லறை இல்லையென்றால் பாக்கியை டிக்கெட்டின் பின்புறம் எழுதிக் கொடுப்பார்; இறங்கும் முன் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். மறந்து இறங்கினால் போனது போனதுதான். சென்னையில் பெண்களுக்கு இடது பக்க இருக்கைகள். பெங்களூரில் முன் பகுதி பெண்களுக்கு. சென்னைப் பழக்கத்தில் முன்பக்கம் ஏறி நிற்கும் ஆண்களுக்கு முதல் வாரத்திலேயே கன்னடத்தில் ஒரு வாக்கியம் புரிந்துவிடும்.

பெண்களுக்கான இலவசப் பயணம் இரண்டு ஊரிலும் உண்டு, விதி மட்டும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் எந்த ஊர்ப் பெண்ணும் ஏறலாம், அடையாள அட்டை கேட்க மாட்டார்கள். கர்நாடகத்தின் சக்தி திட்டம் 2023 ஜூன் 11-ல் தொடங்கியது. அது கர்நாடகத்தில் வசிப்பவர்களுக்கு. ஆதாரில் வேலூர் முகவரியோ மதுரை முகவரியோ இருந்தால் காசு கொடுத்துத்தான் டிக்கெட். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் வாடகை அக்ரிமென்ட்டை வைத்து ஆதார் முகவரியை மாற்றிக்கொண்டால் தினமும் மிச்சம். ஏ.சி. பஸ்ஸான வஜ்ராவும் விமான நிலையத்துக்குப் போகும் வாயு வஜ்ராவும் இதில் சேராது.

அட்வான்ஸுக்கு வருவோம். பெங்களூரில் பத்து மாத வாடகை அட்வான்ஸ் என்பது பழைய வழக்கம். இப்போது ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கிவரும் ஓனர்கள் இருக்கிறார்கள். சென்னையும் யோக்கியமில்லை. தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017-ல் வந்து 2019-ல் அமலானது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ‘வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்’ என்ற அந்தச் சின்ன வாசல் வழியாகத்தான் ஆறு மாதமும் எட்டு மாதமும் உள்ளே வருகின்றன. கணக்கு இப்படிப் போகும்: வாடகை 25,000 என்றால் ஆறு மாத அட்வான்ஸ் ஒன்றரை லட்சம், புரோக்கருக்கு ஒரு மாதம், முதல் மாத வாடகை. புது ஊரில் முதல் சம்பளம் வாங்கும் முன் இரண்டு லட்சம் கையை விட்டுப் போயிருக்கும். பெங்களூரில் காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது ஏறக்குறைய எழுதப்பட்ட விதி. அக்ரிமென்ட்டில் அந்த வரி இருக்கிறதா, ஒரு வருடத்துக்குள் போனாலும் முழுசாகப் பிடிப்பார்களா என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. குடியேறும் நாளில் சுவர், குழாய், கதவுத் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தால், போகும் நாளில் பேச்சு குறையும்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு ஊருக்கும் பெருமை பேசத் தகுதியில்லை. சென்னை 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டு நின்றது. பெங்களூரு 2024 மார்ச்சில் அதே இடத்துக்கு வந்தது. ஆனால் காரணம் வேறு. சென்னை மழையையும் ஏரியையும் நம்பிய ஊர். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் வந்தபின் கொஞ்சம் தெம்பு. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் மேட்டில் உட்கார்ந்திருக்கிறது. சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரி நீரை ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் உயரத்துக்குப் பம்ப் பண்ணித்தான் கொண்டுவர வேண்டும். குழாய் போய்ச் சேராத புதிய லேஅவுட்டுகளில் போர்வெல், அது வற்றினால் டேங்கர். 2024-ல் நிர்வாகமே விலை குறித்தது: ஐந்து கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் டேங்கருக்கு ரூ.1,000.

எனவே வீடு பார்க்கும்போது ‘தண்ணி வருமா’ என்று கேட்காதீர்கள். எல்லோரும் ‘வரும்’ என்றுதான் சொல்வார்கள். பெங்களூரில் கேட்க வேண்டியது: காவிரி கனெக்‌ஷன் இருக்கிறதா, வாரத்தில் எத்தனை நாள், போன ஏப்ரலில் மாதத்துக்கு எத்தனை டேங்கர் வாங்கினீர்கள், அந்தக் காசு மெயின்டனன்ஸில் அடக்கமா தனியா. இந்தக் கேள்விகளை ஓனரிடம் கேட்பதைவிட வாட்ச்மேனிடம் கேட்டால் சரியான விடை வரும். சென்னையில் கேட்க வேண்டியது: மெட்ரோ வாட்டர் எனும் குடிநீர் வாரியத் தண்ணீருக்குச் சம்ப் தனியா, போர் தண்ணீரோடு கலக்கிறதா. கலந்தால் குழாய்முனையில் வெள்ளைப் படிவு தெரியும். கீசர் காயில் சீக்கிரம் போகும்.

சென்னையில் இதைவிட முக்கியமாகத் தரை மட்டத்தைப் பார்க்க வேண்டும். வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கங்களில் 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் சுவரில் எழுதிவிட்டுப் போயிருக்கும். காம்பவுண்டு சுவரில் ஒரே உயரத்தில் ஓடும் பழுப்புக் கோடு, பழைய இடத்தில் ஓட்டை மட்டும் இருக்க இடுப்புக்கு மேல் புதிதாக ஏற்றி மாட்டிய ஈ.பி. மீட்டர், கீழ்த்தளத்தில் மட்டும் புது பெயின்ட்: இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் முதல் மாடி கேளுங்கள். பெங்களூரிலும் இது உண்டு. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு பக்கம் தண்ணீர் புகுந்தபோது, ஏரிகளை இணைக்கும் ராஜகாலுவே என்ற கால்வாய் எங்கே போகிறது என்று எல்லோரும் மேப்பை விரித்துத் தேடினார்கள். வீடு எடுக்கும் முன்பே தேடுவது மேல்.

மின் கட்டணத்தில் சென்னைக்காரர்கள் தங்களை அறியாமல் விடும் பணம் அதிகம். தமிழ்நாட்டில் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஒன்றரை டன் ஏ.சி. இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் ஏழெட்டு யூனிட். அறுபது நாளில் 450 பக்கம் வந்துவிடும். அதோடு ஃபிரிட்ஜ், மோட்டார், ஃபேன் சேர்ந்தால் 500 தாண்டும். தாண்டினால் அடியிலிருந்தே விலை மாறுகிறது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தில் 101 முதல் 200 வரை யூனிட் ரூ.2.25 என்று இருந்தது, மொத்தம் 500-ஐக் கடந்தவருக்கு அதே யூனிட்டுகள் ரூ.4.50. கணக்கெடுக்க வருபவர் நான்கு நாள் தாமதித்தால் கோடையில் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவோம். பெங்களூரில் பில் மாதாமாதம், ஏ.சி. பெரும்பாலும் தேவைப்படாது. 2023-ல் வந்த கிருஹ ஜோதி எனும் இலவச மின்சாரத் திட்டத்தில் வாடகைக்கு இருப்பவரும் பதிவு செய்யலாம். மாதம் 200 யூனிட்டைத் தாண்டினால் மொத்தத்துக்கும் காசு. முன்பு இருந்தவர் தன் ஆதாரை அந்த மீட்டரிலிருந்து விடுவிக்காமல் போயிருந்தால் உங்கள் பதிவு தடைபடும், சாவி வாங்கும் அன்றைக்கே இதைச் சரிபாருங்கள்.

சம்பளச் சீட்டிலும் சின்ன வித்தியாசங்கள். தொழில்வரி கர்நாடகத்தில் மாதாமாதம், வருடத்துக்கு அதிகபட்சம் ரூ.2,500. சென்னையில் மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை அதிகபட்சம் ரூ.1,250, மொத்தம் ஒன்றுதான், ஆனால் அந்த ஒரு மாதம் சம்பளம் ஏன் குறைந்தது என்று ஹெச்.ஆருக்கு மெயில் பறக்கும். பழைய வரி முறையில் வீட்டு வாடகைப் படிக்கான விலக்கு வரம்பை 1962-ஆம் ஆண்டு வருமானவரி விதிகள் சென்னைக்குச் சம்பளத்தில் 50%, பெங்களூருக்கு 40% என்று வைத்தன. வாடகை அதிகம் உள்ள ஊருக்கு விலக்கு குறைவாக இருந்தது!

வண்டியைக் கொண்டுபோவதா? மோட்டார் வாகனச் சட்டப்படி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். இங்கே ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று, லோன் இருந்தால் பேங்க்கின் சம்மதம், அங்கே ஆயுள்வரி, பிறகு இங்கே கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்டு ஒரு மனு. பத்து வருடமான பைக்குக்கு இவ்வளவு அலைச்சல் தகாது, விற்றுவிட்டுப் போகலாம்.

சமையலறையில் மாவு. சென்னையில் மே மாதம் மாலை அரைத்து வைத்தால் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிவிடும். படுக்கப்போகும் முன் ஃபிரிட்ஜில் வைக்காவிட்டால் காலையில் புளிப்பு. அதே கை, அதே அளவு, பெங்களூரு டிசம்பரில் பன்னிரண்டு மணி நேரம் கழித்தும் மாவு வைத்தபடியே இருக்கும். அரைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, உப்பை முதலிலேயே போட்டுக் கையால் கலந்து, பாத்திரத்தைத் துணியில் சுற்றி மூடிய ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வைத்தால் விடிவதற்குள் எழும்பும். அந்த உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகும், குக்கர்தான் சரி.

வெள்ளிக்கிழமை மாலை இரண்டு ஊருக்கும் இடையே டிக்கெட் கிடைக்காது. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது, தட்கல் ஏ.சி.க்குக் காலை 10, மற்றதுக்கு 11. பகல் ரயிலில் பிருந்தாவன், லால்பாக் இரண்டும் கிருஷ்ணராஜபுரத்தில் (கே.ஆர்.புரம்) நிற்கும். ஒயிட்ஃபீல்டு பக்கம் வீடு இருப்பவர் மெஜஸ்டிக்கில் இருக்கும் முக்கிய ரயில் நிலையம் வரை போகாமல் அங்கேயே இறங்கிப் பக்கத்தில் மெட்ரோ பிடிக்கலாம். திங்கள் காலை வேலைக்கு நிற்க வேண்டும் என்றால் ஞாயிறு இரவு ரயில் அல்லது பஸ். அது ஊருக்குள் வந்து சேருவது பொழுது விடியாத நேரத்தில், ஆட்டோக்காரர் வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேரத்தில். அதற்காகவே 2025 ஜனவரி முதல் நம்ம மெட்ரோ திங்கட்கிழமை மட்டும் ஐந்து மணிக்குப் பதில் 4.15-க்கு வண்டியை எடுக்க ஆரம்பித்தது.