உத்தரவு கையில் இருந்தும்

நவம்பர் 25

பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிப்பதற்கான பன்னாட்டு நாள். டொமினிகன் குடியரசின் சர்வாதிகாரியை எதிர்த்த மிராபல் சகோதரிகள் மூவர் 1960-இல் கொல்லப்பட்ட நாளையே ஐ.நா. பொதுச்சபை 1999-இல் இதற்கெனத் தேர்ந்தெடுத்தது. அவர்களைக் கொன்றது ஓர் அரசு. இன்று உலகில் கொலையுண்ணும் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோரைக் கொல்பவர்கள் துணைவரோ குடும்பத்தாரோ தான்.

நவம்பர் 27

"அடிக்கிறான் என்றால் விட்டு வந்துவிட வேண்டியதுதானே?" என்று இன்றும் ஒருவர் கேட்டார். அவள் பிரியப் போகிறாள் என்று அவனுக்குத் தெரியவரும் நாட்களும் பிரிந்த பின் வரும் மாதங்களுமே உயிருக்கு மிகுந்த ஆபத்தான காலம் என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஒருமுறை கழுத்தை நெரித்தவன் பின்னாளில் கொலையும் செய்யக்கூடிய அபாயம் பல மடங்கு கூடுகிறது. ஆனால் நெரித்த தடம் வெளியே தெரியாமலே போவதுண்டு. காயம் எங்கே என்று கேட்கும் அதிகாரியிடம் அவள் எதைக் காட்டுவாள்?

நவம்பர் 30

ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2009-இல் வழங்கிய 'ஓபுஸ் எதிர் துருக்கி' தீர்ப்பை வாசித்து முடித்தேன். நஹிதே ஓபுஸும் அவருடைய தாயும் நஹிதேயின் கணவன் மீது பல ஆண்டுகள் புகார் கொடுத்தார்கள்; மிரட்டலுக்கு அஞ்சி அவற்றைத் திரும்பப் பெற்றதும் வழக்குகள் கைவிடப்பட்டன. மனைவியைக் கத்தியால் ஏழு முறை குத்தியவனுக்கு விதிக்கப்பட்டது அபராதம் மட்டுமே, அதையும் தவணையில் செலுத்தலாம் என்ற சலுகையோடு. 2002-இல், வேறு ஊரில் மகளோடு குடியேறுவதற்காகச் சாமான்களுடன் வண்டியில் போய்க்கொண்டிருந்த தாயை அவன் வழிமறித்துச் சுட்டுக் கொன்றான். புகார் திரும்பப் பெறப்பட்டாலும், குற்றத்தின் கடுமையையும் தொடரும் ஆபத்தையும் எடைபோட்டு வழக்கை நடத்துவதா என்று அரசு ஆராய்ந்திருக்க வேண்டும் என்றும், பாதுகாக்கத் தவறியது பெண் என்பதற்காகக் காட்டப்பட்ட பாகுபாடு என்றும் நீதிமன்றம் கூறியது. அச்சத்தால் வந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது அரசுக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது என்று நினைக்கும்போது கோபம் அடங்கவில்லை.

டிசம்பர் 3

அமெரிக்காவின் காசல் ராக் என்ற ஊரின் மீதான வழக்கில், ஜெசிகா கொன்சாலஸின் கையில் கணவன் நெருங்கக் கூடாது என்ற நீதிமன்றத்தின் பாதுகாப்பு உத்தரவே இருந்தது. 1999-இல், பிரிந்து வாழ்ந்த கணவன் மூன்று மகள்களையும் கொண்டுபோன மாலையிலிருந்து நள்ளிரவு தாண்டும்வரை அவர் காவல்துறையை மீண்டும் மீண்டும் அழைத்தார்; காத்திருக்கச் சொன்னார்கள். மூன்று சிறுமிகளும் உயிரோடு திரும்பவில்லை. அந்த உத்தரவைக் காவல்துறை நிறைவேற்றியே ஆக வேண்டும் என்று கோர, அரசமைப்புச் சட்டத்தின்படி அவருக்கு உரிமையில்லை என 2005-இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. அவருடைய மனித உரிமைகளை அந்த நாடு மீறியது என்று அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை ஆணையம் 2011-இல் கூறியபோது, சிறுமிகள் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

டிசம்பர் 4

உத்தரவு பெற்ற பெண், அவன் அதை மீறியதற்கான ஆதாரத்தையும் தானே திரட்டி, தானே அழைத்து, தானே காத்திருக்க வேண்டியிருக்கிறது. அவனைக் கண்காணிக்க யாருமில்லை. ஊரையும் வேலையையும் பிள்ளைகளின் பள்ளியையும் விட்டு ஒளிய வேண்டியவளும் அவளே. வீட்டிலிருந்து வெளியேற்றப்பட வேண்டியவன் அடித்தவன் என்று சட்டம் சொல்லும் நாடுகளிலும், அந்த இரவிலேயே வந்து அவனை வெளியேற்ற ஆள் வேண்டும்.