ஆறு நாள் பூட்டு

கொழும்பில் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி, கொம்பனித்தெரு என்று எந்தப் பக்கம் போனாலும் பழைய கிறிஸ்தவக் கோயில்கள் பலவற்றின் நிலை ஒன்றுதான். கட்டடம் நிற்கும் இடத்தில் சபை இல்லை. வசதி வந்த குடும்பங்கள் வத்தளைக்கும் தெஹிவளைக்கும் போய்விட்டன. ஞானஸ்நானத்துக்கும் கலியாணத்துக்கும் அடக்கத்துக்கும் மட்டும் பழைய பங்குக் கோயிலைத் தேடி வருகிறார்கள். ஞாயிறு காலை ஏழரைக்குக் கார்கள் ஒழுங்கையை அடைக்கும், ஒன்பதரைக்கு வெறிச்சோடிவிடும். மிச்ச ஆறு நாளும் கேட்டில் பூட்டு. மதிலுக்கு வெளியே இருப்பவருக்கு அந்தக் கோயிலைத் தெரிவதெல்லாம் மணிச்சத்தத்தாலும் வாகன நெரிசலாலும்தான்.

அயலோடு சேர்ந்து வாழ வேண்டும் என்று பங்குப் பேரவையில் யாராவது பேசினால் மறுநாளே ஒரு செயற்றிட்ட அறிக்கை தயாராகிவிடும்: வெளிநாட்டு நிதி, பதாகை, தொடக்க விழா. பெரும்பாலும் மூன்று வருடத்தில் நிதியும் முடியும், வேலையும் முடியும். கோயிலிடம் ஏற்கெனவே இருப்பதை எண்ணிப் பார்ப்பதுதான் சரியான தொடக்கம். மண்டபம், கதிரை, முற்றம், தண்ணீர்க் குழாய், மலசலகூடம், வெளிச்சம், தமிழும் சிங்களமும் வாசிக்கத் தெரிந்த நாலு ஓய்வூதியக்காரர். இவற்றுக்கு எவரிடமும் நிதி கேட்கத் தேவையில்லை.

கதிரையை எடுங்கள். கொழும்பில் தோட்டம் என்றால் செடிகொடி கிடையாது. பொதுக்குழாயைச் சுற்றி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய சிறு வீடுகள். (எரேமியா 29ஆம் அதிகாரத்தில், பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களிடம் தோட்டம் போடச் சொல்லும் கடிதத்தை இங்குள்ள பிள்ளைகளுக்கு வாசித்தால் அவர்கள் மனதில் இந்த வீடுகள்தான் வரும்.) அப்படியொரு வீட்டில் மரணம் நடந்தால் வருபவர்கள் உட்கார உள்ளே இடமில்லை. ஒழுங்கையில் ஐம்பது அறுபது கதிரை போட வேண்டும், மழைக்காலமென்றால் மேலே தகரமோ தறப்பாளோ வேண்டும். இரண்டு மூன்று நாள் வாடகை அந்த வீட்டுக்குப் பெரிய சுமை. பக்கத்துக் கோயில் மண்டபத்தில் நூறு கதிரை ஞாயிறு வரை சும்மா அடுக்கிக் கிடக்கும்.

இரவல் கொடுப்பதற்கும் ஒழுங்கு வேண்டும். ஒவ்வொரு கதிரையின் அடிப்பக்கத்திலும் எண்ணெய்ப் பெயின்டால் இலக்கம் எழுத வேண்டும். முதுகில் கோயிற்பெயரை எழுதினால் செத்த வீடு விளம்பரப் பலகையாகிவிடும். பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்தால் எண்ணுவது சுலபம். கொப்பியில் பெயர், ஒழுங்கை, தொலைபேசி, எண்ணிக்கை, திரும்பும் நாள் என ஐந்து நிரல் போதும். சமயத்துக்கு நிரல் போடக் கூடாது. செத்த வீட்டுக்கு முற்பணம் வாங்கக் கூடாது, பிறந்தநாளுக்கு வாங்கலாம். திரும்பி வரும்போது கொண்டுவந்தவர் முன்னிலையிலேயே எண்ணிவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு கதிரைக்காக ஒரு தோட்டமே பகையாகும். வருடம் ஐந்தாறு உடையத்தான் செய்யும், அதை வரவுசெலவிலேயே எழுதி வைப்பது நல்லது. வெயிலில் அடுக்கி வைத்தால் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை அடைந்து கால் பிளக்கும். அந்தத் தவறு பெரும்பாலும் கோயில் வளவிலேயே நடப்பது, இரவல் வாங்கியவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

ஒரே நாளில் இரண்டு வீட்டார் கேட்டு வந்தால்தான் உண்மையான சோதனை. பங்கு மக்களின் பார்ட்டிக்கு முதலிடமா, பக்கத்து வீட்டு மரணத்துக்கா? எழுதப்பட்ட விதி இல்லாவிட்டால் மண்டபக் காவலாளியே தீர்ப்பளிப்பார், அவர் தெரிந்த முகத்துக்குத்தான் கொடுப்பார். மரணம் எவர் வீட்டிலானாலும் முதலிடம் என்று ஒரு வரி எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் காவலாளிக்கும் நிம்மதி.

அடுத்தது வெளிச்சம். ஓர் அறை வீட்டில் ஐந்து பேர், தொலைக்காட்சி, அடுப்பு, குழந்தை அழுகை. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை எங்கே உட்காரும்? மாலை ஆறு முதல் எட்டரை வரை மண்டபத்தைத் திறந்து வைத்தாலே போதும். கோயில்கள் உடனே டியூஷன் தொடங்கப் பார்க்கும். ஆசிரியருக்குக் கொடுப்பனவு, பாடத்தகராறு, பிறகு அடுத்த தெரு டியூஷன் மாஸ்டரோடு போட்டி. வேண்டியது மேசையும் அமைதியும் மட்டுமே. நாலு மின்விசிறி தலா 75 வாட், எட்டு எல்.இ.டி. குழல்விளக்கு தலா 18 வாட், இரண்டரை மணித்தியாலம் என்று வைத்தால் நாளுக்கு ஏறக்குறைய 1.1 அலகு. இருபத்தாறு நாளுக்கு 29 அலகு. வழிபாட்டிடங்களுக்கு மின்கட்டணத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. 2022இல் கட்டணம் ஏறியபோது அந்தப் பிரிவும் தப்பவில்லை, பல இடங்களில் முதலில் அணைந்தது மண்டப விளக்குத்தான். இந்தக் கணக்கைப் பேரவைக்கு முன் வைத்தால், கிறிஸ்மஸ் அலங்கார விளக்கோடு ஒப்பிட்டு யாராவது ஒருவர் மௌனமாவார்.

விதிகள் கொஞ்சம், ஆனால் கண்டிப்பானவை. எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் இருப்பது எந்தக் காரணத்துக்கும் கூடாது. கதவும் யன்னலும் திறந்திருக்க வேண்டும். வந்த நேரமும் போன நேரமும் பதிய வேண்டும். எட்டரைக்குப் பிறகு பெண்பிள்ளைகளைத் தனியே அனுப்பக் கூடாது. அம்மாமார் வராவிட்டால் ஒரே பக்கம் போகிறவர்களைச் சேர்த்து அனுப்பலாம். சிறுவர் உதவி இலக்கம் 1929ஐப் பிள்ளைகள் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும். மலசலகூடச் சாவியை யாரிடமோ கேட்டு வாங்கும் நிலை இருந்தால் பிள்ளைகள் மெல்ல நின்றுவிடுவார்கள், காரணத்தைச் சொல்ல மாட்டார்கள். தொடக்கத்தில் ஜெபம் வேண்டுமா என்பது எல்லாச் சபையிலும் எழும் கேள்வி. வரும் பிள்ளைகளில் பாதி சைவமும் இஸ்லாமும் என்றால், பெற்றோரிடம் முதல் நாள் சொன்னது ஒன்றும் மூன்றாம் மாதம் நடப்பது ஒன்றுமாக இருக்கக் கூடாது. 2004இல் மதமாற்றத்துக்கு எதிரான சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்த நாட்டில் இந்தச் சந்தேகம் காற்றிலேயே இருக்கிறது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. சபைகள் சில தாமே அதற்குத் தீனி போட்டன. உலர் உணவுப் பொதியை ஆராதனை முடிந்த பிறகே கொடுப்பது, வாங்குபவர் முகத்தைப் படமெடுத்துப் பேஸ்புக்கில் போடுவது எல்லாம் அந்த வகைதான். உதவி கொடுக்க வீட்டுக்குப் போவதானால் இருட்டிய பிறகு, படமில்லாமல், இருவராகப் போகலாம். கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான வின்சென்ட் டி போல் சபையினர் 1833 முதல் ஏழைகளின் வீடுகளுக்கு இருவராகப் போய் வருவதில் புத்தி இருக்கிறது: ஒருவர் கதைக்கும்போது மற்றவர் அடுப்பு எரிகிறதா என்று பார்க்கலாம்.

சனிக்கிழமை காலை ஒரு மேசை போட்டுக் கடிதம் வாசித்துக் கொடுப்பதும் செலவில்லாத வேலை. தமிழும் அரசகரும மொழி என்பது சட்டம். ஆனால் தோட்டத்து ஆச்சியின் கைக்கு வரும் தண்ணீர்ப் பட்டியல் அறிவித்தலும் நீதிமன்ற அழைப்பாணையும் அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும பற்றிய கடிதமும் பெரும்பாலும் சிங்களத்தில்தான் இருக்கும். வாசித்து, விளக்கி, கிராம சேவையாளரிடம் என்ன கேட்க வேண்டும் என்று துண்டில் எழுதிக் கொடுத்தால் பாதி அலைச்சல் குறையும். மூலப் பத்திரத்தையோ அடையாள அட்டையையோ மேசையில் வைத்துக்கொள்ளக் கூடாது. அவர் சார்பில் கையெழுத்துப் போடக் கூடாது. அழைப்பாணையில் திகதியைப் பிழையாக வாசித்தால் பிடியாணை வரலாம், ஆகவே திகதியை இருவர் பார்க்க வேண்டும்.

டெங்கு விஷயத்தில் கோயிலே குற்றவாளியாக இருப்பதுண்டு. 2017இல் நாடு முழுவதும் 1,86,000க்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு கண்டது, அதில் கொழும்புக்குப் பெரும் பங்கு. பெரிய கூரை, நீளமான பீலி, இலை அடைத்த மூலை, கெபி எனும் சிறு குகையில் மாதா முன் வைத்த பூச்சாடி, சிரட்டை அளவு நீர் நிற்கும் மெழுகுதிரித் தட்டு. முட்டையிலிருந்து நுளம்பாக ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரை ஊற்றிவிட்டால் போதாது. முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தும்புத் துண்டால் தேய்த்துக் கழுவ வேண்டும். வாரம் ஒரு நாள் சொந்த வளவில் இதைச் செய்யாமல் தோட்டத்துக்குப் போய்ச் சிரமதானம் நடத்தினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) கூடச் சிரிப்பார்.

வாகனத்தையும் சத்தத்தையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒழுங்கையின் ஒரு பக்கம் எப்போதும் திறந்திருக்க வேண்டும், ஆட்டோவில் நோயாளி வந்தால் போக வேண்டும். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதியில்லை என்று உயர் நீதிமன்றம் 2007இல் சொன்னது; நள்ளிரவு ஆராதனைக்கும் தனி அனுமதி வேண்டும். வெள்ளி நண்பகல் வாகனம் நிறுத்தப் பள்ளிவாசலுக்கு முற்றத்தைக் கொடுத்தால், ஞாயிறு அவர்கள் வளவைக் கேட்கலாம்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கேட்டைப் பற்றிப் பேசுவது இலகுவல்ல. கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்துக்குச் செவ்வாய்க்கிழமைகளில் சைவர்களும் பௌத்தர்களும் மெழுகுதிரி கொண்டு வருவது நெடுநாள் வழக்கம். குண்டு வெடித்தபோது அதே திருத்தலத்தின் கதவு மூடியது, ஜூன் 12இல் மீண்டும் திறந்தது. மற்றக் கோயில்களில் வந்த பைச் சோதனையும் மதிலும் கமராவும் பலவற்றில் இன்னும் நிற்கின்றன. காவல் தேவைதான். ஞாயிறு பெருங்கூட்டத்துக்கான காவலை வார நாளில் குழாயில் தண்ணீர் பிடிக்க வரும் பெண்ணிடமும் காட்டுவதில்தான் பிழை. பக்கக் கதவு ஒன்றைப் பகலில் திறந்து, அங்கே ஒழுங்கையை அறிந்த ஒருவரை இருத்தினால் கமராவை விட அவர் கண்ணுக்கு அதிகம் தெரியும்.

இவ்வளவும் ஒரு மாற்றத்தில் கவிழும். குருவானவர்களும் போதகர்களும் சில வருடங்களில் இடம் மாறுவார்கள். புதியவருக்குக் கொப்பியும் தெரியாது, சனிக்கிழமை மேசையும் தெரியாது; மண்டபத்துக்குப் புதுப் பூட்டு வரும். ஆகவே சாவி மூன்று வெட்ட வேண்டும். ஒன்று குருமனையில், இன்னொன்று நடந்து வரும் தூரத்தில் வீடுள்ள சபை அங்கத்தவரிடம், மூன்றாவது கேட்டுக்கு நேரே கடை வைத்திருக்கும் அயலவரிடம். முதல் இரண்டும் ஐந்து நிமிடத்தில் தீர்மானமாகும். மூன்றாவதற்குத்தான் கூட்டத்தை இன்னொரு நாளுக்கு ஒத்திவைப்பார்கள்.