காவலிடத்தை விட்டு ஓடியவன்

உயர்தர வகுப்பில் படித்த ஆண்டு, இல்ல விளையாட்டுப் போட்டியன்று மாணவத் தலைவனாகக் கல்லூரி வாயிலில் கடமையில் நின்றேன். காய்ச்சலோடு வந்த கீழ்வகுப்புத் தம்பி ஒருவன் விடுதிவரை கூட வரும்படி கேட்டபோது, கடமையிடத்தை விட்டு அசையக் கூடாது என்ற விதியைச் சொல்லி அவனைத் தனியே அனுப்பினேன். வழியில் மயங்கி விழுந்தவனை வேறொரு மாணவன் தூக்கிச் சென்றான். விசாரித்த ஆங்கில ஆசிரியரிடமும் அதே விதியைத்தான் சொன்னேன். அவர் கண்டிக்கவில்லை. டோல்கீனின் 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' நாவலின் மூன்றாம் பாகத்தைத் தந்து, "பெரெகொண்ட் வரும் இடங்களைக் கவனமாக வாசியும்" என்றார்.

1955இல் வெளியான அந்தப் பாகத்தை எழுதியவர், முதலாம் உலகப் போரில், 1916இல் பிரான்சின் சொம் போர்க்களத்தில் நின்றவர். தலைவர்களின் ஆணைக்கு இளைஞர் விலையாவதை அவர் நேரில் கண்டிருந்தார். கதையில், அரசனில்லாத கொண்டோர் நாட்டை, வெறுமையான அரியணையின் படிகளுக்குக் கீழே கல்லாசனத்தில் அமர்ந்து டெனதோர் என்ற அரசப் பிரதிநிதி ஆள்கிறான். அறிவாளி, நாட்டை உண்மையாகவே நேசிப்பவன். ஆயினும் பெருந்தலைவர்கள் பிறரையே ஆயுதமாக்குவர் என்றும், தன் மைந்தரையும் அவ்வாறே செலவிடுவதாகவும் சொல்பவன் அவன். காக்க முடியாத அரணுக்கு இளைய மகன் ஃபராமிரை அனுப்புகிறான். மகன் உணர்விழந்து திரும்பியதும், பகைவன் காட்ட விரும்பியதையே காட்டிய மாயக்கல்லை நம்பி மனமுடைந்து, மகனையும் சேர்த்துத் தீமூட்டிக்கொள்ள முனைகிறான். முற்றுகையிடப்பட்ட நகரமோ அந்நேரம் தலைவனின்றி நிற்கிறது. நம்பிக்கை இழப்பது தனிமனிதனுக்குத் துயரம். ஆள்பவனுக்கு அது கடமை தவறுதல் என்று அங்கேதான் விளங்கிக்கொண்டேன்.

கோட்டைக் காவலன் பெரெகொண்ட், மரணதண்டனைக்குரிய குற்றம் என்று அறிந்தே காவலிடத்தை விட்டு ஓடி, தடுத்தவர்களோடு வாளேந்திப் போராடி ஃபராமிரைக் காக்கிறான். மாண்டவர்கள் ஆணையை நிறைவேற்றிய எளிய பணியாளர்கள் என்பதை நாவல் மறைப்பதில்லை. பின்னர் கொண்டோரின் அரசனாக முடிசூடிய அரகோர்னும் மறைப்பதில்லை. பெரெகொண்டின் குற்றங்களைச் சபையறியச் சொல்லிய பிறகே தண்டனையை நீக்குகிறான். ஆனால் காவற்படையையும் நகரையும் விட்டு நீங்க வேண்டும் என்கிறான். பெரெகொண்டின் முகம் வெளிறித் தலை தாழ்கிறது. அதன் பின்னரே, ஃபராமிரின் மெய்க்காவற்படைக்கு அவன் தலைவனாக்கப்படுகிறான். நன்னோக்கத்தைக் காட்டிக் குற்றத்தை இல்லாததாக்காத, விதியைக் காட்டி மனிதனையும் அழிக்காத அத்தகைய தீர்ப்பையே, பதவியில் இருப்போரிடம் நான் இன்றுவரை எதிர்பார்க்கிறேன்.

நூலைத் திருப்பிக் கொடுத்தபோது ஆசிரியர் கதையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் தம்பிக்கு இப்போது சுகமா என்று மட்டும் கேட்டார். பதில் தெரியாமல் நின்ற நான், அன்றுதான் முதன்முறையாக அவனைத் தேடி விடுதிக்குப் போனேன்.