ஏலகிரியில் ஐந்நூறு ரூபாய்க்கு ஏமாந்த கதை

ஏலகிரி போய்விட்டு நேற்று இரவுதான் வேலூர் சத்துவாச்சாரி வந்து சேர்ந்தோம். கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

எங்கள் மின்சாரக் காரின் பேட்டரி 30 யூனிட். தாளில் 300 கிலோமீட்டர் ஓடும் என்று போட்டிருக்கிறது. அதாவது யூனிட்டுக்குப் பத்து. ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் நிதானமாக ஓட்டிப் பார்த்த கணக்கு அது. மே மாத வேலூர் வெயிலில், நான்கு பேரையும் மாமியாரின் முறுக்கு டின்னையும் ஏற்றிக்கொண்டு, ஏசியும் போட்டால் என்ன ஆகும் என்று அந்தத் தாள் சொல்லாது.

பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டியதும் சாலை காலியாகக் கிடந்தது. நூறில் விரட்டினேன். ஆம்பூர் போய்ச் சேர்ந்தபோது, முழுதாக நிரப்பிக் கிளம்பிய பேட்டரியில் 72 சதவீதம். ஐம்பது கிலோமீட்டருக்கு எட்டு யூனிட்டுக்கு மேல் போய்விட்டது; யூனிட்டுக்கு வெறும் ஆறு! தப்பு காரில் இல்லை, என் காலில். எண்பதிலிருந்து நூறுக்குப் போனால், ஒவ்வொரு கிலோமீட்டரிலும் காற்றோடு மல்லுக்கட்டும் செலவு ஒன்றரை மடங்குக்கும் மேல் ஏறிவிடுகிறது.

அந்தக் கவலையை ஆம்பூர் பிரியாணி அரை மணி நேரம் மறக்கடித்தது. சீரகச் சம்பா அரிசி பொலபொலவென்று உதிர்ந்தது. மசாலா நாக்கைச் சுடவில்லை. கறி எலும்பை விட்டுத் தானாகக் கழன்றது. ஆனால் நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கியது கத்தரிக்காயைத்தான். புளிப்பும் எண்ணெயுமாக, காம்போடு மெத்தென்று வெந்திருந்தது. பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடி போதும் என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

அதன் பிறகு எண்பதைத் தாண்டவில்லை. ஏலகிரி மலையின் பொன்னேரி அடிவாரத்தில் 56 சதவீதம். மேலே 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், கடையெழு வள்ளல்கள் பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி சார்ஜைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டான். நான் பட்டேன். ஆட்களோடு சுமார் 1,700 கிலோ வண்டியை 600 மீட்டருக்கு மேல் தூக்குவதற்கு மட்டுமே ஏறக்குறைய மூன்று யூனிட் வேண்டும். உச்சியில் 40தான் மிச்சம்.

தங்கிய விடுதியின் மேலாளர் பச்சை நம்பர் பலகையைப் பார்த்ததுமே முகம் மலர்ந்தார்.

"சார்ஜ் போட ஐந்நூறு ரூபாய் சார். இரவு முழுக்கப் போட்டுக்கொள்ளுங்கள்."

"தனி சார்ஜர் இருக்கிறதா?"

"ஏசி பிளக் இருக்கிறது சார், அதே மின்சாரம்தானே."

இருபது யூனிட்டுக்கு ஐந்நூறு ரூபாய், யூனிட் இருபத்தைந்து! வயிறு எரிந்தது. கொடுத்த காசுக்கு ஒரு சொட்டுக்கூட விடக்கூடாது என்று நூறு வரை நிரப்பினேன். அங்கேதான் என் புத்தி கெட்டது.

இறக்கத்தில் மோட்டாரே பிரேக்காக மாறி, மின்சாரம் செய்து பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். ஏறும்போது செலவானதில் ஒரு பகுதி கைக்கு வரும். ஆனால் நிறைகுடத்தில் எங்கே ஊற்றுவது? பேட்டரியில் இடமில்லாததால் ரீஜென் என்கிற அந்த வசதி வேலை செய்யவில்லை, பெடல் பிரேக்கை மிதித்து மிதித்தே இறங்கினோம். ஆறாவது வளைவில் கருகல் நாற்றம். ஓரமாக நிறுத்திக் கால் மணி நேரம் ஆறவிட்டேன். மைத்துனர் குனிந்து சக்கரத்தருகே கை நீட்டிவிட்டு, சூடு தாங்காமல் உதறிக்கொண்டார். அடிவாரத்திலும் திரையில் அதே 100.

போகிறவர்களுக்கு: மேலே 60 வரை ஏற்றினால் போதும், வேலூர் வரை வரலாம். டயர் காற்றைக் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். மற்ற குறிப்புகளும் எழுதுவதாகத்தான் இருந்தேன், பிரியாணியில் போய்விட்டது.

எண்பதிலேயே ஓட்டி வீடு சேர்ந்தபோது 67 சதவீதம் மீதம் இருந்தது. மாமியார் திரையை எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு மிச்சமா? அப்புறம் எதற்கு மாப்பிள்ளை அந்த ஐந்நூறு?"

முறுக்கு டின்னை நானே உள்ளே தூக்கிக்கொண்டு போனேன்.